ஸ்பானிஷ் டீச்சருக்கு எந்தக் கோடைப் படிப்பு?

முதல் நிலை, இரண்டாம் நிலை வகுப்புகளையே வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் மாணவர்களின் ஸ்பானிஷ் வளரும், ஆசிரியரின் ஸ்பானிஷ் தேயும். ஆசிரியர் அறையில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. புத்தகத்தை எடு, போனை உள்ளே வை, ஒருத்தர் பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகு அடுத்தவர் போகலாம் என்பதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். நிறங்கள், உறவுமுறைகள், இறந்தகால வினைகள் எல்லாம் விரல் நுனியில். ஆனால் நியூஜெர்சியின் பெர்த் அம்பாயில் இருக்கும் ஒரு டொமினிகன் அம்மா, தன் மகனை யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று படபடவென்று போனில் சொல்லும்போது, ஆறுதலாக நாலு வாக்கியம் திரும்பச் சொல்ல வாய் வராது. வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பெருவியப் பையன் நம்மைவிட நன்றாகப் பேசுவான். அது அவனுக்கும் தெரியும்.

கோடைக்காலத்தில் ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்கென்று நடக்கும் முதுகலைப் படிப்புகளைப் பற்றி அவ்வப்போது யாராவது என்னிடம் கேட்கிறார்கள். தில்லியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு, கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்து, மாற்றுவழி உரிமம் வாங்கி அரசுப் பள்ளியில் சேர்ந்தவள் என்பதால், "இந்த ஊரில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்வி கூடவே வரும். அவர்களுக்காகத்தான் இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல கல்லூரி எது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது: உங்களிடம் என்ன குறைகிறது?

நான் முதல் கோடைக்குக் கிளம்பியபோது என் மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, இத்தனை வருஷமா அதைத்தானே பாடம் நடத்துற? இன்னும் என்ன அதுல படிக்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குச் சம்பளப் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்வது சுலபம். இங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. கீழே இறங்க இறங்க அனுபவம், வலப்பக்கம் நகர நகரப் படிப்பு: பி.ஏ., பி.ஏ.வும் 15 கிரெடிட்டும் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), எம்.ஏ., எம்.ஏ.வும் 30 கிரெடிட்டும் என்று. ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தால் அந்த உயர்வு ஓய்வுபெறும் வரை கூடவே வரும். நியூயார்க்கில் இது கட்டாயமும்கூட. தொடக்கச் சான்றிதழ் வாங்கிய 5 வருடத்துக்குள் முதுகலை முடித்தாக வேண்டும்.

சம்பளம்தான் காரணம் என்றால் யோசிக்க அதிகம் இல்லை. வீட்டிலிருந்தபடியே இணையவழியில் கல்வியியல் எம்.எட். ஒன்றை முடித்துவிடலாம். அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள்தானே எல்லோரும்.

சிக்கல் அதற்கு அப்புறம் வரும். அந்த எம்.எட். கையில் இருந்தும், பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட் தரும் 'டூவல் கிரெடிட்' வகுப்பு எடுக்கப் பலரால் முடிவதில்லை. பாடத்தை ஒப்புக்கொள்ளும் கல்லூரி, வழக்கமாக அந்தப் பாடத்திலேயே 18 முதுகலைக் கிரெடிட் கேட்கும். கல்வியியல் கிரெடிட்டுகள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே படிப்புக்குப் பெயர் 'எம்.ஏ. ஸ்பானிஷ்' என்று இருப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் ஸ்பானிஷ் துறையின் குறியீடு இருக்கிறதா, கல்வியியல் துறையின் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் அந்தக் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள்.

என் குறை இரண்டுமில்லை, மொழிதான். நியூஜெர்சியில் ஸ்பானிஷ் ஆசிரியர் உரிமத்துக்கு ஓபிஐ என்ற வாய்மொழித் தேர்வில் 'அட்வான்ஸ்டு லோ' நிலை வேண்டும். ஆக்ட்ஃபுல் என்று எல்லோரும் சொல்லும், அமெரிக்காவின் அயல்மொழி கற்பித்தலுக்கான அமைப்பின் அளவுகோல் அது. கீழிருந்து நாவிஸ், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, சுப்பீரியர், டிஸ்டிங்விஷ்டு. பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் வரை போனில் பேச்சு. தேர்வாளர் இதமாக ஆரம்பிப்பார். உங்கள் ஊர், குடும்பம், நேற்று என்ன செய்தீர்கள். பிறகு படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், எங்கே உங்கள் மொழி நொறுங்குகிறது என்று கண்டுபிடிப்பார். நொறுங்கும் இடத்தைத் தொடாமல் அந்தத் தேர்வு முடியவே முடியாது, அதன் அமைப்பே அப்படி. நடந்ததை நடந்தபடி கோவையாகச் சொல்வது அட்வான்ஸ்டு. நடக்காததை நடந்திருந்தால் என்று வைத்து வாதாடுவது, ஒரு கருத்தை எதிர்ப்புக்கு ஈடுகொடுத்து நிறுத்துவது சுப்பீரியர். முதல் நிலை வகுப்பு எடுக்கிறவருக்கு இந்த இரண்டாவது வேலைக்கு நாள் முழுவதும் ஒரு வாய்ப்பும் கிடைக்காது. தேய்வது அங்கேதான்.

இதற்கு மருந்து என்று எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் மிடில்பரி. வெர்மான்ட் மலைப்பக்கம் இருக்கும் சின்னக் கல்லூரி. கோடை மொழிப் பள்ளிகளை 1915-இல் ஜெர்மன் பள்ளியோடு ஆரம்பித்து, 1917-இல் ஸ்பானிஷ் பள்ளியைத் திறந்தார்கள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு திரும்ப முடியாத எழுத்தாளர்கள் கோடையில் வந்து பாடம் நடத்திய இடம் அது. கவிஞர் பேத்ரோ சலினாஸ் அங்கே இருந்திருக்கிறார். முதுகலைக்கு ஆறு வாரம், ஒரு கோடையில் வழக்கமாக மூன்று பாடம், மொத்தம் பன்னிரண்டு. அதாவது நாலு கோடை. அவசரமென்றால் ஒரு கோடை முடித்துவிட்டு ஒரு கல்வியாண்டு வெளிநாட்டில் தங்கி முடிக்கும் வழியும் இருக்கிறது. அங்கே போனவுடன் கையெழுத்துப் போடும் உறுதிமொழிதான் பிரபலம்: இருக்கும் வரை ஸ்பானிஷ் மட்டுமே பேசுவேன், வகுப்பில் மட்டுமல்ல, சாப்பாட்டு மேஜையிலும், துணி துவைக்கும் இடத்திலும்.

ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்கே போகாமல் வெர்மான்ட் காட்டுக்குள் போய் ஸ்பானிஷ் பேசுவதா என்று சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். மட்ரிட்டில் ஆங்கிலம் பேசும் நண்பர்களோடு ஒரே விடுதியில் தங்கினால் மாலை ஆறு மணிக்கு மேல் ஆங்கிலம்தான். தபாஸ் கடையில் ஆர்டர் கொடுக்கத் தேவையான ஸ்பானிஷ் நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். ஊரை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். விதியை நம்பிப் போகிறவர்களுக்குப் பலன் நிச்சயம்.

அப்படியிருந்தும் நான் மிடில்பரிக்குப் போகவில்லை. ஒரு காரணம் நாட்காட்டி. இதை ஏன் யாரும் முதலிலேயே சொல்வதில்லை என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். வடகிழக்கில் பள்ளி ஜூன் மூன்றாம் வாரத்தைத் தாண்டும், பனிக்காக விடுமுறை விட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அங்கே படிப்பு தொடங்குவதற்கும் இங்கே மதிப்பெண் பதிவதற்கும் இடையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஜார்ஜியா பக்கம் இருப்பவர்களுக்கு மறுமுனையில் இடிக்கும். மே மாதமே பள்ளி முடிந்துவிடும், ஆனால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் மறுபடி திறந்துவிடுவார்கள். ஆகஸ்ட் நடுவரை நீளும் ஆறு வாரப் படிப்பு அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. எனவே எந்தப் படிப்பையும் விரும்புவதற்கு முன் அதன் தேதிகளையும் உங்கள் பள்ளி மாவட்டத்தின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதிப் பட்டியல் தானாகவே அடிபட்டுப்போகும்.

ஸ்பெயின் பக்கம் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சலமான்கா பல்கலைக்கழகம் 1218-இல் தோன்றியது. அந்தத் தங்கநிறக் கற்களுக்கு நடுவே ஜூலை மாதம் உட்கார்ந்து இலக்கணம் படிப்பது யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வெளிநாட்டவருக்காக நடத்தும் கோடை வகுப்பின் சான்றிதழ் வேறு, அமெரிக்க முதுகலைக் கிரெடிட் வேறு. நடுவில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் நின்று தன் பெயரில் கிரெடிட் கொடுத்தால்தான் உங்கள் மாவட்டம் கேள்வி கேட்காமல் ஏற்கும். செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்ரிட்டிலேயே சொந்த வளாகம் இருப்பதால் அங்கே இந்தத் தலைவலி கிடையாது. நேரடியாக ஸ்பெயின் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் சேர நினைத்தால், அது 'ஒஃபிசியால்' வகையா, 'ப்ரோப்பியோ' வகையா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். முன்னது அரசு ஒப்புக்கொண்ட பட்டம். பின்னது அந்தப் பல்கலைக்கழகம் தானாகக் கொடுப்பது. தரம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் இங்கே பட்டத்தை மதிப்பிடும் நிறுவனம் அதை முதுகலையாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். விளம்பரத் தாளில் இரண்டுமே 'மாஸ்டர்' என்றுதான் அச்சாகியிருக்கும். ஐரோப்பியக் கிரெடிட் கணக்கும் வேறு, அங்கே இரண்டு என்றால் இங்கே ஏறக்குறைய ஒன்று.

நான் போனது மெக்சிகோவின் குவனஹுவாத்தோவுக்கு. ஓரிகான் மாநிலத்தில் ஆஷ்லண்ட் என்ற ஊரிலிருக்கும் சதர்ன் ஓரிகான் பல்கலைக்கழகம், ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்காக அங்கே கோடை முதுகலை நடத்தியது. ஆஷ்லண்டும் குவனஹுவாத்தோவும் 1969 முதல் சகோதர நகரங்கள், அந்த உறவின் தொடர்ச்சி. ஒவ்வொரு கோடையும் ஆறு வாரத்தைவிடக் குறைவு என்பதால் வீட்டில் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது. படிப்பும் இலக்கிய ஆராய்ச்சிக்காக அமைந்ததல்ல, வகுப்பறைக்காக. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை. 45 குவார்ட்டர் கிரெடிட் என்றால் நம் பள்ளி மாவட்டக் கணக்கில் 30 செமஸ்டர் கிரெடிட். சம்பள அட்டவணையில் எந்தக் கட்டத்துக்குப் போவோம் என்று கணக்குப் போடும்போது மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளி எடுத்த பணத்தில் எழுந்த நகரம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம். முதல் வாரம் பல்கலைக்கழகத்தின் பெரிய வெள்ளைப் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவோம். ஒருகாலத்தில் ஆறு ஓடிய பாதையில் இப்போது நகரத்துக்கு அடியில் கார்கள் ஓடுகின்றன. ஜூலையில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும். சந்துகள் அவ்வளவு குறுகல் என்பதால், குடையை விரித்தால் எதிரே வருபவரோடு பேசித்தான் வழி வாங்க வேண்டும். அதுவும் பயிற்சிதான்.

ஆனால் நான் மேலே சொன்னது இங்கேயும் நடந்தது. உடன் படித்தவர்கள் எல்லோரும் அமெரிக்க ஆசிரியர்கள். வகுப்பு முடிந்து ஹார்தின் தெ லா உனியோன் என்ற சின்னப் பூங்காப் பக்கம் காபிக்கு உட்கார்ந்ததும், தங்கள் பிரின்சிபாலைத் திட்டுவதற்கு எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். என்னைக் காப்பாற்றியது தங்கியிருந்த வீடு. சேர்ந்து வாடகைக்கு அபார்ட்மென்ட் எடுக்கலாம் என்று இருவர் கூப்பிட்டார்கள். செலவு குறைவு, சமையல் நம் கையில், சைவம் என்பதால் எனக்குச் சபலம் வேறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் எல்லாம் வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய சாப்பாடு, அதற்குப் பிறகு மேஜையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். பேச்சு, பேச்சு, பேச்சு.

ஒருநாள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. முந்தின நாள் வந்து பார்த்துப் பணமும் வாங்கிக்கொண்டு போன ப்ளம்பருக்குப் போன் போட்டவர், அவன் எடுத்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டார். "நீதானே மாஸ்டர் படிக்கிறாய், பேசு." அந்த ஆள் குற்றம் பம்பு மேல் இல்லை, தெருக்குழாய் மேல் என்றான். தெருக்குழாயில் கோளாறு என்றால் பக்கத்து வீட்டிலும் தண்ணீர் இருக்கக்கூடாதே என்றேன். அவன் வேறொன்று சொன்னான். நேற்றே வால்வை மாற்றியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது என்று ஆரம்பித்து, அந்த நீண்ட வாக்கியத்தின் கடைசி வினை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, கையால் இன்னும் கொஞ்சம் அழுத்து என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். காலையில் வகுப்பில் சுப்பீரியர் நிலைக்கு என்ன வேண்டும் என்று விளக்கப்படம் காட்டியிருந்தார்கள். மத்தியானம் ப்ளம்பரிடம் அதற்குப் பரீட்சை. சாயங்காலம் வந்து வால்வை மாற்றினான்.

அதனால், எந்தப் படிப்பாக இருந்தாலும் ஒருங்கிணைப்பாளரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: மாலை ஏழு மணிக்கு உங்கள் மாணவர்கள் எங்கே, யாரோடு இருப்பார்கள்? பாடத்திட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்பவர்கள் இதற்கு மட்டும் தடுமாறினால், மொழிக்காக அங்கே போகாதீர்கள்.

மொழிக்காகப் போகிறவர்களுக்குத்தான் இதெல்லாம். எங்கள் துறையில் ஒரு தோழி, சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர். அவருக்குப் பேச்சு சொல்லித்தர யாரும் தேவையில்லை. ஆனால் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். ஏபி எனப்படும், பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலை ஸ்பானிஷ் இலக்கிய வகுப்பை எடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. அந்தப் பாடத்தின் கட்டாயப் பட்டியலில் 38 படைப்புகள், இடைக்காலக் கதையிலிருந்து நம் காலம் வரை. ஸ்பானிஷ் இலக்கியப் பொற்காலத்தின் சொனெட்டை, அந்தப் பதினான்கு வரிக் கவிதையை, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட அவருக்கு வேண்டியது இலக்கியப் பாடம், அதுவும் நிறைய. குவனஹுவாத்தோவுக்கு அவரை அனுப்பினால் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்ததுபோல்தான் இருந்திருக்கும். வீட்டில் கைக்குழந்தை வேறு. இணையவழியில் இலக்கியம் நடத்தும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அவருக்கு அதுதான் சரி. ஊறித் திளைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே உபதேசம் செய்கிறவர்கள், ஏற்கனவே ஊறியவர்களை மறந்துவிடுகிறார்கள்.

அவருக்கும் ஒரு தொல்லை வந்தது. மூன்றாம் கோடையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார், கடைசியாக வேண்டிய பாடத்தை அந்தக் கோடையில் நடத்தவே இல்லை. ஆள் சேரவில்லையாம். ஒரு வருடம் காத்திருந்தார், சம்பள உயர்வும் காத்திருந்தது. அடுத்த மூன்று கோடைகளுக்கான பாடச் சுழற்சியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தால் பாடம் நடக்கும் என்றும் கேளுங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து படிப்பே மூடப்படுவது. 2023-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் உலக மொழிகள் துறையையே கலைக்க முடிவெடுத்தது. மிடில்பரி கல்லூரிகூட, கலிபோர்னியாவின் மான்டெரேயில் நடத்திவந்த முதுகலைப் படிப்புகளை நிறுத்தப்போவதாக 2025-இல் அறிவித்தது. வெர்மான்ட் கோடைப் பள்ளி வேறு, அது தொடர்கிறது. ஆனாலும் மூன்று நான்கு கோடைகள் நீளும் ஒன்றில் காலை வைக்கும்போது, நடுவில் கடையைச் சாத்தினால் சேர்ந்தவர்களை முடிக்க வைப்பீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் போன படிப்பைப் பற்றியும் பழைய கதையை நம்பாமல் இந்த வருடம் நடக்கிறதா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம். மிடில்பரி மலிவல்ல, ஆனால் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் விமான டிக்கெட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மைத் தொகை தெரியும். வரியில் 'லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்' என்ற சலுகை உண்டு. கட்டணத்தில் முதல் 10,000 டாலரில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டினால் 1,60,000 டாலர் வருமானத்துக்கு மேல் அது குறைய ஆரம்பித்து 1,80,000-இல் காணாமல் போய்விடும். கணவர் ஐடியில் இருக்கும் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் காணாமல் போன நிலைதான். அப்புறம் 'டீச் கிராண்ட்' என்று ஒன்று, வருடத்துக்கு 4,000 டாலர் வரை. அயல்மொழி அதன் பட்டியலில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், 8 வருடத்துக்குள் 4 வருடம் வேலை பார்க்க வேண்டும். தவறினால் இனாம் கடனாக மாறிவிடும், வாங்கிய நாளிலிருந்து வட்டியோடு. பள்ளி மாறும் எண்ணம் இருப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

மாவட்டம் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கும். நியூஜெர்சியில் அதற்கு, பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டின் ஒப்புதலைப் படிப்பில் சேருவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். சேர்ந்துவிட்டு வந்து கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். நான் பிப்ரவரியிலேயே பாடத்திட்டத்தை இணைத்து அனுப்பிவிடுவேன். மெக்சிகோவில் படிக்க எதற்குப் பணம் என்ற கேள்வி வரும் என்று தெரிந்து, கிரெடிட் கொடுப்பது ஓரிகானில் உள்ள ஒரு அரசுப் பல்கலைக்கழகம் என்பதை முதல் வரியிலேயே எழுதுவேன்.

கடைசியாக ஒரு அலுவலக விஷயம். சம்பள அட்டவணையில் கட்டம் மாற, பல மாவட்டங்கள் வருடத்தில் ஓரிரு தேதிகள்தான் வைத்திருக்கின்றன, ஒன்று பெரும்பாலும் செப்டம்பரில். கோடைப் படிப்பு ஆகஸ்டில் முடிந்து, பேராசிரியர் மதிப்பெண் போட்டு, டிரான்ஸ்கிரிப்ட் வெளியாவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிடும். பட்டத்துக்கான எல்லாத் தேவைகளையும் முடித்துவிட்டார் என்று பதிவாளர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கேட்டால் கொடுப்பார்கள், பல மாவட்டங்கள் டிரான்ஸ்கிரிப்ட் வரும் வரை அதை ஏற்றுக்கொள்ளும். கடைசிக் கோடையில் ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கடிதத்துக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.